தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்

பனையந்துறைக் கல்லூரியின் கடற்படை மாணவர் பிரிவில் அநியாயம் நடந்தது இஸபெல் கொறைராவுக்கு. நடந்த விதம் என்னவென்றால், சுக்கான் பிடித்திருக்க வேண்டிய அவள் கையில் ஒரு பன்னீர்ச் செம்பைக் கொடுத்தார்கள். வெள்ளிச் செம்புகூட இல்லை, வெள்ளி மாதிரி பூச்சுப் பூசியது, ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் தலைமேல் ஆட்டி ஆட்டிக் கழுத்து கோணிப் போனது. படகு பற்றிய எழுத்துப் பரீட்சையில் மாணவர் மாணவியர் அத்தனை பேரிலும் அவள்தான் முதல்; நீச்சலில் முதல், முடிச்சுப் போடுவதில் முதல், கண்ணைக் கட்டிவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் கன்னத்தாலேயே சொல்லிவிடுகிறவள்; அப்படிப்பட்டவளை, வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சிக் கப்பல் வந்து ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிற நாளில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு படகுத்துறையில் நின்று, கப்பலுக்குத் துடுப்புத் தண்டு வலித்துப் போகிற பையன்கள்மேல் பன்னீர் தெளிக்கச் சொன்னார்கள்.

அந்தக் கப்பலுக்குப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. படகு நெருங்கும்போது மேல்தளத்திலிருந்து ஒரு குரல் "போட் அஹாய்!" என்று கூப்பிடும். வருகிற படகில் யார் இருக்கிறது என்று அர்த்தம். படகின் பின்பக்கம் சுக்கானோடு உட்கார்ந்திருக்கிற ஆள், கடற்படைப் பேச்சில் காக்ஸன், அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படகில் அதிகாரி யாராவது இருந்தால் "ஆய் ஆய்." அதிகாரி யாரும் இல்லை, வெறும் ஆட்கள்தான் என்றால் "நோ நோ." ஆனால் வருவது ஒரு கலத்தின் தலைவரே என்றால் ஆயும் வேண்டாம் நோவும் வேண்டாம், அந்தக் கலத்தின் பெயரைச் சொன்னால் போதும், கப்பலில் இருப்பவர்கள் விறைத்து நின்று விசில் ஊதி வரவேற்பார்கள். இதை முதல் வருஷத்தில் கேட்ட நாளிலிருந்து இஸபெலுக்கு ஒரே ஆசை: கடலிலிருந்து ஒரு குரல் தன்னை யார் என்று கேட்க வேண்டும், தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஊரில் பெண்பிள்ளைகளை எல்லோரும் எல்லாக் கேள்வியும் கேட்கிறார்கள், யார் மகள், எந்தத் தெரு, எங்கே போற, ஏன் இவ்வளவு நேரம் என்று. நீ யார் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பெண்கள் ஏன் கடலுக்குப் போகக் கூடாது என்பதற்குப் பிரிவின் பொறுப்பாளர் ஆதிநாதன் சாரிடம் காரணங்கள் இருந்தன. வாரத்தில் ஐந்து நாள் வணிகவியல் பேராசிரியர், சனிக்கிழமை வெள்ளைச் சீருடை போட்டால் லெப்டினன்ட். படகுத்துறையில் பெண்களுக்கு உடை மாற்ற அறை இல்லை என்றார். (கட்டலாமே? இடம் இல்லை. இருந்த இடத்தில் என்ன இருக்கிறது? பையன்களின் உடை மாற்றும் அறை.) வெயிலில் கறுத்துப்போனால் பெற்றோர் வந்து கேட்பார்கள் என்றார். (பெண்கள் அணியில் முதல் தண்டு வலிக்கிற முப்பிடாதியின் அம்மா உப்பளத்தில் கூலி, முப்பிடாதியே பத்தாம் வகுப்பு விடுமுறை முழுக்க உப்பு வாரினவள். அவள் கறுத்ததைப் பற்றி இதுவரை யாரும் யாரிடமும் வந்து கேட்டதில்லை.) அலையில் படகு கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்றார். (போன வருஷம் பையன்கள் கவிழ்த்தார்கள். பொறுப்பு என்று யாரும் கிடைக்கவில்லை, இரண்டு தண்டும் ஒரு செருப்பும்தான் காணாமல் போயின.) சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாதாடுவது சுலபம். அவர் அன்பாகச் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா" என்பார்; அந்த வாக்கியத்துக்கு எதிர்வாதம் செய்தால் செய்கிறவள் நன்றி கெட்டவளாகிவிடுவாள், அவ்வளவு கச்சிதமான வாக்கியம் அது.

சரி, ஊர் மட்டும் என்ன யோக்கியம்? இஸபெலின் அப்பா லெயோன் கொறைராவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு. வீட்டு வாசலிலிருந்து கூழாங்கல் எறிந்தால் கடலில் விழும். ஆனால் பொம்பளை ஏறினால் வலையில் மீன் படாது என்று இருபது வயது வரை அவளை அந்தப் படகின் விளிம்பைத் தொடவிட்டதில்லை. அவள் நீந்தினாள், கரையிலிருந்து பார்த்தாள், மீன் ஆய்ந்தாள், கணக்குப் பரீட்சைக்குப் படித்தாள். கடலின்மேல் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பையன்களுக்குப் புது ஃபைபர் படகு வந்ததும், பழைய மரப்படகைக் கல்லூரி மைதானத்தில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இரண்டு பனங்கட்டைகள்மேல் தூக்கி வைத்து, இதுதான் பெண்கள் அணிக்கு என்றார்கள். ஐந்து தண்டு, ஒரு சுக்கான், ஆறு பெண்கள். சனிக்கிழமைதோறும் அதில் ஏறி உட்கார்ந்து காற்றில் தண்டு வலிக்க வேண்டும். "தண்ணி இல்லாம எப்படி சார்?" என்று நடுத்தண்டு ரஹ்மத் நிஸா முதல்நாளே கேட்டாள். ஆதிநாதன் சார், "தண்ணி இருக்கறதா நெனச்சுக்கோங்க" என்றார். அது கட்டளை. பக்கத்தில் வாலிபால் ஆடுகிற பையன்கள், "ஏட்டி, பாத்து, முங்கிராதிய!" என்று கத்துவார்கள். முப்பிடாதி, "பந்த எடுக்க வாங்கல, சுறா இருக்கு இங்கன" என்பாள்.

கப்பல் வரச் சில மாதம் இருக்கும்போதே, ஒரு சனிக்கிழமை காலை, பன்னீர்ச் செம்பு ஒத்திகை நடந்தது. கோணல் கழுத்துச் செம்பை ஆட்டி முடித்து, சேலையை மடித்து வைத்துவிட்டு, சீருடை மாட்டிக்கொண்டு இஸபெல் படகில் வந்து ஏறினாள். பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சார் சொன்னத நாம இதுவரைக்கும் பாதிதான் செஞ்சிருக்கோம். தண்டு போட்டோம். நெனைக்கல. இன்னைக்கு நெனைப்போம்."

"எப்படி நெனைக்க?" என்றாள் ரஹ்மத்.

"கீழ்ப்படிதல்னு போர்டுல எழுதிப் போட்டிருக்காவள்ளா, அப்படி."

ஆறு பேரும் நினைத்தார்கள். கோபத்தோடு நினைத்தார்கள், கோபத்தில் இருக்கிற பெண் ஒன்றை நினைத்தால் அரைகுறையாக நினைக்கமாட்டாள். "கிவ் வே டுகெதர்!" என்று, சேர்ந்து வலிக்கச் சொல்கிற கட்டளையை இஸபெல் கொடுக்க, ஐந்து தண்டும் ஒன்றாகக் கீழே போயின, போனவை மண்ணில் முட்டி நிற்காமல் தட்டையான நுனி முழுக்க இறங்கின, மைதானம் சளக் என்று ஒரு சத்தம் கொடுத்தது, படகு பனங்கட்டைகளிலிருந்து நழுவி, முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிமிர்ந்து, கொடிக்கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாலிபால் மைதானத்தின் குறுக்கே போய், வலைக்கு அடியில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள, அந்தப் பக்கம் வெளியே வந்தது. உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதினார். "கோட்டுக்குள்ள வரக் கூடாது, ஆட்டம் நடக்குதுல்ல!" என்று சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். படகுக்கு முன்னால் நிலம் தண்ணீர்போல விலகியது, பின்னால் தண்ணீர்போல மூடியது. மூடுமுன் கொஞ்ச தூரத்துக்கு மண் அலையடித்தது, அந்த நேரத்தில் குறுக்கே வந்த உணவக ஆயாவின் கோழிகள் இரண்டு, வாத்துகள்போல மிதந்துவிட்டு, தரை கெட்டியானதும் இறக்கையை உதறிக்கொண்டு நடந்து போயின.

இதைப் பனையந்துறை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. கல்லூரி முதல்வர் புல்வெளி பாழாகிறதா என்று பார்த்தார், பாழாகவில்லை. தோட்டக்காரர் பூச்செடிப் பாத்தி பக்கம் இரண்டு தடவை வந்து போகச் சொன்னார், மண் பொலபொலவென்று ஆகிறதாம். அடுத்த வாரம் படகு கல்லூரி வாசலைத் தாண்டி மாதா கோவில் தெருவில் இறங்கியபோது, போக்குவரத்துக் காவலர், "இடப் பக்கமா வலிங்கம்மா, இடப் பக்கமா" என்று கை காட்டியதோடு சரி. நகராட்சிக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், குண்டும் குழியுமான சாலையில் படகு குலுங்காமல் போவதால் இனிச் சாலை போடும் செலவு மிச்சம் என்று பேசினார். அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. ஆட்டோ ஸ்டாண்டில் மட்டும் முணுமுணுப்பு வந்தது. சங்கத் தலைவர் சுடலைமுத்து நடுரோட்டில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, "தங்கச்சி, நாங்க பெர்மிட்டு எடுத்து ஓட்டுதோம், நீங்க பாட்டுக்கு வலிச்சிட்டு வாரிய, எங்க பொழப்ப நெனச்சுப் பாத்தியளா?" என்றார். "சவாரி ஏத்தமாட்டோம் அண்ணே, ஆட்டோவுல கொண்டுபோக முடியாததத்தான் கொண்டுபோவோம்" என்று இஸபெல் சொல்ல, அப்படியானால் சரி என்று அவரே ஆட்டோவைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டார்.

ஆட்டோவில் கொண்டுபோக முடியாதது என்று பார்த்தால் ஊரில் அவ்வளவு இருந்தது. உருகிவிடக் கூடாத ஐஸ் பாளங்கள். உடைந்துவிடக் கூடாத மாதா சுரூபம். வலித் துடிப்பில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்த பனைவெல்லக் கடைக்காரர் மனைவி கோமதி. அவளைப் படகின் நடுவில் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, தார்ச்சாலையை வகுந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், குலுக்கலே தெரியவில்லை என்று பிரசவ அறைக்குள் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், பிறந்த பெண்குழந்தையைத் தொட்டிலில் போட்டால் அழுதது, ஆட்டினால் நிறுத்தியது, எல்லாக் குழந்தையும் அப்படித்தானே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. உப்பளங்களின் குறுக்கே போனபோது பாத்தியில் விளைந்த உப்பு அலை அலையாகப் படிந்து நின்றது. முப்பிடாதியின் அம்மா அதை வாரும்போது, "ஒரு அழகாத்தான் இருக்கு, ஆனா வார இடுப்பு நோவுதுட்டி, இனிமே வரப்பு ஓரமாப் போங்க" என்றாள். அப்புறம் வரப்பு ஓரமாகப் போனார்கள்.

அந்தப் பெண்களின் தோள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேரி மணல் மாவு மாதிரி வழிவிடும், கரிசல் மண்ணோ தண்டைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது, தார்ச்சாலை காலையில் கல், மதியத்தில் களி. ஒவ்வொரு மண்ணையும் வலித்துப் பழகிப் பழகி, ரஹ்மத் நிஸாவின் சீருடைக் கையை அவள் உம்மா பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. "புள்ளைக்குத் தோள் இப்படி அகலமாகுதே" என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "அகலமானா என்ன, சுவரா இடிக்குது?" என்று உம்மா சொன்னாள்.

படகுக்குப் பெயர் வைக்க ஊரே முன்வந்தது. பழைய படகுக்குப் பெயர் கிடையாது, பக்கவாட்டில் மங்கிப்போன ஓர் எண் மட்டும்தான். கோவில் கமிட்டி மாதா பெயர் வைக்கச் சொன்னது, அம்மன் கோவில் தெருக்காரர்கள் அம்மன் பெயர் சொன்னார்கள், கல்லூரி நிர்வாகம் நிறுவனரின் பெயரைத் தகரத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டது. இஸபெல் ஒன்றையும் ஏற்கவில்லை. "பேரு எதுக்கு? யாராச்சும் கேட்டா சொல்லத்தான? கேக்கட்டும், சொல்லுதேன்."

ஒருநாள் லெயோன் கொறைராவின் வலை, பழுதுபார்த்து முடித்து, கட்டுக்கட்டாக வலைக்கூடத்தில் கிடந்தது. கொண்டுவர வண்டி இல்லை. மனிதர் மகளின் படகை நிறுத்திக் கொஞ்ச நேரம் அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கப்பா. நடுவுல உக்காருங்க. ஓடும்போது எந்திரிக்காதிய."

ஏறினார். வலையின்மேல் உட்கார்ந்தார். தெரு முடியும்வரை மகள் சுக்கானைத் திருப்புகிற லாவகத்தைப் பார்த்தார். இஸபெலால் சும்மா இருக்க முடியவில்லை. "பொம்பளை இருக்கிற படகுல வலைய ஏத்திட்டியளே, இனி மீன் படுமா?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது, நீ என் போட்டுல ஏறுனாத்தான். இது ஒன் போட்டுல்லா. நான்லா ஏறியிருக்கேன்."

அது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்தநாள் அந்த வலையில் சீலா மீன் அள்ள அள்ள விழுந்தது, அதற்குப் பிறகு படகுக்காரர்கள் தங்கள் வலைகளையும் அவள் படகில் ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

இவ்வளவும் ஆயிற்று. நிலத்தில் படகு ஓடுவதை ஒத்துக்கொள்ள அந்த ஊருக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. கடலில் பெண்கள் படகு ஓட்டுவதை ஒத்துக்கொள்ள மட்டும் நேரம் வரவில்லை. இதை இஸபெல் ஆதிநாதன் சாரிடம் நேராகவே கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"சார், தார் ரோட்டுல ஓட்டுதோம். தண்ணியில ஓட்ட முடியாதா?"

"முடியும்மா. முடியாதுன்னு யாரு சொன்னா? ஆனா தரையிலதான் இவ்ளோ நல்லா ஓட்டுறீங்களே, இது எந்தப் பையனுக்கும் வராத திறமை. இதையே வெச்சுக்கோங்க. கடல் எதுக்கு?"

"கப்பல் கடல்லதான சார் நிக்கும்?"

"கப்பலுக்குப் பையன்க போவாங்க. வரவேற்பும் முக்கியம்மா. பன்னீர் சாதாரண விஷயமா? சரியா தெளிக்கலைன்னா எவ்ளோ அசிங்கம்! உங்களுக்குத் தரையில ஓட்டத்தான் அனுமதி. நிலம் எது வரைக்கும் இருக்கோ, அது வரைக்கும் தாராளமா போங்க."

"நிலம் எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும். சரி சார்" என்றாள் இஸபெல். முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும், "ஏட்டி, ஒன் மூஞ்சி சரியில்லையே" என்றாள். "ஒண்ணுமில்லட்டி" என்றாள் இஸபெல். உண்மையிலேயே அப்போது ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கப்பல் வந்தது. ஊருக்கு எதிரே சாம்பல் நிறத்தில், பெருநாளைக்கு வந்த விருந்தாளி மாதிரி நிதானமாக நின்றது. படகு புறப்பட வேண்டிய நேரத்தை ஆதிநாதன் சார் நாள்காட்டியைப் பார்த்துக் குறித்திருந்தார்: ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை, குளிகை இல்லை, அருமையான நல்ல நேரம். எல்லாம் பார்த்தவர், அன்று பௌர்ணமி என்பதையும் பார்த்து, நிறைந்த நாள் என்று சந்தோஷப்பட்டார். பௌர்ணமியன்று அந்த நேரத்தில் பனையந்துறையில் கடல் எங்கே இருக்கும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நல்ல நேரத்தைப் பற்றிக் கடற்கரையில் போய்க் கேட்கிற வழக்கம் இல்லை.

மேளம் கொட்ட, பையன்களின் படகு துறையை விட்டுப் புறப்பட்டு, வாய்க்கால் மாதிரி இருந்த கொஞ்சம் தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடி, சொதக் என்று நின்றது. கடல் வற்றி வெகு தூரம் விலகியிருந்தது. துறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் பளபளவென்று சேறு, சேற்றில் நண்டு, நண்டுகளுக்கு நடுவில் ஃபைபர் படகு. பையன்களின் காக்ஸன் ரூபன் இறங்கித் தள்ளினான், முழங்கால்வரை போனான், இன்னும் இருவர் இறங்கினார்கள், அவர்களும் போனார்கள். தூரத்தில் கப்பல் காத்திருந்தது. துறையில் ஊர் முழுக்க நின்றது. ஆதிநாதன் சார் ஒரு கையில் நினைவுக் கேடயமும் மறு கையில் கப்பல் தலைவருக்கான மக்ரூன் பலகாரப் பெட்டியுமாக, வெள்ளைச் சீருடையில் வியர்த்து நின்றார்.

பெண்கள் ஆறு பேரும் பட்டுச்சேலையில், வரிசையில். அன்று எல்லா ஆட்டோவும் விருந்தினர்களுக்குப் போய்விட்டதால், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தங்கள் படகை வலித்துக்கொண்டே வந்திருந்தார்கள். அது துறையின் ஓரத்தில் சிமெண்டுத் தரையில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. சாரின் கண் அந்தப் படகுக்குப் போய், இஸபெலுக்கு வந்தது.

"இஸபெல், நம்ம பிரிவோட மானமே உன் கையிலதாம்மா இருக்கு."

"என் கையில பன்னீர்ச் செம்புதான் சார் இருக்கு."

கூட்டத்தில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். சுடலைமுத்துவாகத்தான் இருக்க வேண்டும். சார் குரலைத் தாழ்த்தினார். "பாரும்மா, முறைன்னு ஒண்ணு இருக்கு. சேத்தத் தாண்டுற வரைக்கும் நீங்க வலிங்க. தண்ணி ஆரம்பிக்கற இடத்துல நிறுத்தினா, ரூபன் பசங்க ஏறிக்குவாங்க, அங்கேருந்து கப்பலுக்கு அவங்க கொண்டுபோவாங்க. உங்களுக்கும் பேரு, அவங்களுக்கும் பேரு."

இஸபெல் மற்ற ஐவரையும் பார்த்தாள். ஐவரும் கொசுவத்தைச் செருகிக்கொண்டிருந்தார்கள்.

"ஆய் ஆய் சார். தரை எங்க முடியுதோ அங்க கை காட்டுங்க. அந்த நிமிஷமே நிப்பாட்டுதேன்."

சார் படகின் பின்பக்கம் அவளருகே ஏறி உட்கார்ந்தார். லெயோன் கொறைரா வந்து விளிம்பைத் தட்டிப் பார்த்தார். வருஷக் கணக்கில் வெயிலில் காய்ந்து இடுக்கு விட்டிருந்த பலகைகள், மண்ணின் ஈரத்தில் ஓடி ஓடி ஊறி, நகம் போக இடமில்லாமல் சேர்ந்திருந்தன. "போட்டு ஒழுகாது. போயிட்டு வா" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வீட்டில் இருக்கிற எந்தப் பெண்ணிடமும், கடலைப் பார்த்து நின்றுகொண்டு, இதற்குமுன் சொன்னதில்லை.

"கிவ் வே டுகெதர்!"

படகு சிமெண்டிலிருந்து சேற்றுக்குள் வழுக்கியது. சேறு அவர்களுக்குப் புதிதில்லை, கரிசலின் தம்பிதான். நண்டுகள் ஒதுங்கின. ரூபனின் படகைக் கடக்கும்போது, இடுப்புவரை சேறான பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முப்பிடாதி தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அந்தச் செம்ப இங்க தா" என்று வாங்கி, கோணல் கழுத்தை அவர்கள் பக்கம் திருப்பி, மூன்று தடவை நன்றாக ஆட்டினாள். "வரவேற்பும் முக்கியம்லா" என்றாள். ரூபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபப்படுவதா என்று பார்த்துவிட்டு, சிரித்துவிட்டான். "போங்கட்டி, போங்க. கப்பல்காரன் போயிரப் போறான். நாங்க நடந்தாவது வாரோம்."

சார் வலது கையை உயர்த்தத் தயாராக வைத்திருந்தார். முன்னால் சேறு. அப்புறம் சேற்றின்மேல் கண்ணாடித் தாள் போட்டது போலத் தண்ணீர். அது தண்ணீரா? ஈரமான தரை என்றும் சொல்லலாம். அப்புறம் விரல் கனத்துக்குத் தண்ணீர், ஆனால் அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது, கொக்கு ஒன்று அதில் நின்றது. கொக்கு நிற்கிற இடத்தைக் கடல் என்று எப்படிச் சொல்வது? கையைப் பாதி தூக்கினார், இறக்கினார். அப்புறம் முழங்கால் ஆழம், இன்னும் தரை தெரிந்தது. அப்புறம் தரை தெரிகிற மாதிரி இருந்தது. இஸபெல் கண்ணெடுக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டாள்: "இங்கன முடியுதா சார்?"

"இரும்மா, பாக்குறேன்."

"அடியில தரைதான சார்?"

"தரைதான், ஆனா..."

"சொல்லுங்க, நிப்பாட்டுதோம். நிலம் எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும்னு சொன்னிய."

அவர் வணிகவியல் படித்தவர். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போடத் தெரிந்தவர். அந்தக் கோட்டைப் படகின் வலப்பக்கம் தேடினார், இடப்பக்கம் தேடினார், மக்ரூன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், கோடு இல்லை. அதற்குள் தண்டுகளின் சத்தம் மாறியிருந்தது.

அதை முதலில் உணர்ந்தது ரஹ்மத். "ஏ, பிள்ளையளா," என்றாள் மூச்சுக்குள், "இதுல கனமே இல்லையே!" மண்ணை வலித்த தோள்களுக்குத் தண்ணீர் பஞ்சாக இருந்தது, பஞ்சைவிட லேசாக, பெருமூச்சைப் போல இருந்தது, தேரியையும் கரிசலையும் தாரையும் தள்ளித் தள்ளி வளர்ந்த பலமெல்லாம் இந்த விலகிக்கொடுக்கிற, குளிர்ந்த, பச்சை நிறப் பொருளின்மேல் வந்து விழ, படகு துள்ளியது, மூக்கைத் தூக்கியது, பறந்தது. இங்கே அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் ஒரு படகு மிதந்தது. இஸபெல் சிரித்தாள். இருபது வருஷம் வாசலில் கிடந்த கடல், முதல்முறையாக அவளுக்குக் கீழே இருந்தது. அது அவளைத் தூக்கி இறக்கியபோது, கோமதியின் குழந்தை தொட்டிலில் ஏன் அப்படிச் சமாதானமாகிறது என்று புரிந்தது. சாரும் கையை இறக்கிவிட்டிருந்தார். அவர் முகத்தில் உப்புத்துளி தெறித்திருந்தது, துடைக்கவில்லை. "நல்லாத்தான்மா வலிக்கிறீங்க" என்றார் கொஞ்ச நேரம் கழித்து, தோற்றுப்போன குரலில் இல்லை, தன் சனிக்கிழமைகள் எதற்கு என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட குரலில்.

சாயங்கால வெயில் கப்பலின் பக்கவாட்டில் மஞ்சளாக விழுந்திருந்தது. மேல்தளத்தில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் வந்து நின்றார்கள். பட்டுச்சேலையில் ஐந்து பேர் தண்டு வலிக்க, ஒருத்தி சுக்கான் பிடிக்க, ஒரு பழைய மரப்படகு அம்பு மாதிரி வருவதை அவர்கள் பார்த்தார்கள். கப்பலின் குரல் வந்தது, தண்ணீர்மேல் நீண்டு, தெளிவாக:

"போட் அஹாய்!"

தண்டுகள் நின்றன. சொட்டும் துளிகளின் சத்தம் மட்டும். சார் அவள் பக்கம் சாய்ந்து, சின்னக் குரலில், அன்பாகத்தான், சொல்லிக்கொடுத்தார்: "ஆய் ஆய்னு சொல்லு. ஆபீசர் நான் இருக்கேன்ல. அதுதான் முறை."

முறைதான். புத்தகத்தில் அப்படித்தான். ஆய் ஆய் என்று சொன்னால் வந்தது அவர். நோ நோ என்று சொன்னால் யாருமே வரவில்லை. மிச்சம் இருந்தது கலத்தின் பெயர் ஒன்றுதான். முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள், ரஹ்மத் நிமிர்ந்து பார்த்தாள், தண்டைப் பிடித்தபடி ஐந்து முகங்களும் அவளைப் பார்த்தன. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் யாரும் திறக்கவில்லை. படகுக்குப் பின்னால், தூரத்தில், கரை தெரிந்தது: மாதா கோவில் தெரு, உப்பளம், ஆஸ்பத்திரிச் சாலை, வலைக்கூடம், வாலிபால் மைதானம், அந்தப் படகு வகுந்து போய் மூடிக்கொண்ட ஒவ்வோர் அடி மண்ணும். சேற்றில் இறங்கிப் பாதித் தூரம் வந்துவிட்ட கூட்டத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் லெயோன் கொறைரா நின்றார்.

"போட் அஹாய்!" என்று கப்பல் இரண்டாவது தடவை கேட்டது.

இஸபெல் எழுந்து நின்றாள். படகு ஆடியது, அவள் ஆடவில்லை. பன்னீர்ச் செம்பு காலடியில் உருண்டு கிடந்தது. கடலில் அவளை யார் என்று கேட்ட முதல் குரலுக்கு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, கப்பலுக்கும் கேட்கும்படி, கரைக்கும் கேட்கும்படி, அவள் பதில் சொன்னாள்:

"பனையந்துறை!"